முன்னறிவிப்புடன் ஒரு கிருமி வேட்டை

அந்தக் கண் மருத்துவமனையில் புரை நீக்கிக்கொண்டவர்களில் சிலருக்கு மறுநாளே கண் சிவந்து சீழ் கோத்தது. விஷயம் மேலிடத்தின் மேலான கவனத்துக்குப் போய், கிருமியின் பிறப்பிடத்தைக் கண்டறிய ஓர் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. நாற்காலி போதாததால் முதல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில், அறுவை அரங்கில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கும் பொறுப்பு ஆய்வுக்கூட டாக்டரம்மாவின் தலையில் விழுந்தது.

டாக்டரம்மாவுக்கும் அவசரம்தான். அவளுடைய அப்பா, வலது கண்ணில் பனி மூடி, மேல்மாடி வார்டில் காத்துக் கிடந்தார். கிருமி பிடிபடாமல் அவரை அரங்குக்குள் விட அவளுக்கு மனமில்லை. "இன்னிக்காவது என் முறை வருமா?" என்று தினமும் கேட்பார், முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தாள். அரங்கின் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி தெரிவித்தாள், மறுபடி பளபளத்தது. 'கிருமி இல்லை' என்று கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் இன்னும் இரண்டு கண் சிவந்தது.

தலைமை நர்ஸைப் பிடித்தாள். "சிஸ்டர், கருவி கழுவுற தொட்டியில தண்ணி மாத்துறீங்களா?"

"மாத்துறோமே டாக்டர், நீங்க வரும்போதெல்லாம்."

"நான் வராத நாள்ல?"

"வராத நாள்ல யாருக்காக மாத்துறது?" நர்ஸுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அதனாலதானே எங்க மாமியார் ஆபரேஷனை நீங்க வர்ற நாளாப் பார்த்து வச்சேன். சூப்பிரண்டு சாரோட சகலைக்கும் அன்னிக்குத்தான்!"

டாக்டரம்மா குழுத் தலைவரிடம் ஓடினாள். "சொல்லாம போய் எடுத்தா மாட்டிக்கும் சார்."

தலைவர் ஆடிப்போனார். "சொல்லாம போனா அழுக்கா இருக்குமேம்மா! அழுக்குல கிருமியைக் கண்டுபிடிக்க நீங்க எதுக்கு, நாங்க எதுக்கு? சுத்தமான இடத்துல கண்டுபிடிங்க. அதுதான் விஞ்ஞானம்."

அவள் யோசித்தாள். "சரி சார். தினமும் சொல்லிட்டே போறேன்."

தினமும் சொன்னால் தினமும் கழுவித்தானே ஆக வேண்டும்? ஆணை பிறந்தது. முதல் வாரம் சொர்க்கம். ஒரு கண்கூடச் சிவக்கவில்லை. அப்பாவுக்கு நாள் குறித்தாள். தள்ளுபடுக்கையில் அவரை அரங்கு வாசலில் நிறுத்திவிட்டுக் குச்சியோடு உள்ளே போனாள். தொட்டித் தண்ணீர் மழைக்குட்டை நிறத்தில் இருந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"விருந்தாளி வந்தா வீட்டைப் பெருக்கலாம் டாக்டர். நீங்கதான் தினமும் வந்து வீட்டு மனுஷி ஆயிட்டீங்களே!"

படுக்கையை அப்படியே திருப்பினாள். "ஏம்மா, வண்டி டிப்போவுக்குப் போகுதா?" என்றார் அப்பா.

ஆனால் அன்று தொட்டியில் எடுத்த மாதிரி ஏமாற்றவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமிகள் கொத்துக் கொத்தாக வளர்ந்தன. தட்டை ஏந்திக்கொண்டு குழுவின் முன் போய் நின்றாள். குழு ஆழ்ந்து பரிசீலித்து அறிக்கை வெளியிட்டது:

'தினசரிச் சோதனைக்கு முன்பு எடுக்கப்பட்ட எந்த மாதிரியிலும் கிருமி காணப்படவில்லை. தினசரிச் சோதனை தொடங்கிய பின்னரே காணப்பட்டுள்ளது. ஆகவே கிருமியின் பிறப்பிடம் சோதனையே என்று ஐயந்திரிபற நிறுவப்படுகிறது. சோதனை உடனடியாக நிறுத்தப்படுகிறது.'

உறுப்பினர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அவள் வார்டுக்குப் படியேறும்போதே கைதட்டல் கேட்டது. கட்டிலுக்குக் கட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா, செய்தித்தாளை நல்ல கண்ணோடு ஒட்டிப் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் தாளை மடித்தார்.

"சோதனையை நிறுத்தினதும் கிருமி ஒழிஞ்சுபோச்சாம், போட்டிருக்கான். நாளைக்கு முதல் ஆளா நான் பேர் குடுத்தாச்சு." குரல் சற்றுத் தாழ்ந்தது. "ஏம்மா, நீ ஆரம்பத்துலயே சும்மா இருந்திருந்தா எத்தனை பேர் கண்ணு தப்பிச்சிருக்கும்!"