வாரத்துக்கு விட்ட வழக்கு

சட்டம் படித்துவிட்டு வந்த முதல் வருடத்தில் ஒருவர் செய்யக்கூடிய பெரிய குற்றம், யாரும் கேட்காதபோது சட்டம் சொல்வது. அந்தக் குற்றத்தை நான் ஓர் ஆட்டுப்பட்டியின் நடுவே நின்று, ஏழெட்டுச் சாட்சிகள் முன்னிலையில், கறுப்புக் கோட்டு அணிந்து செய்தேன். (ஞாயிற்றுக்கிழமை. கோட்டுக்கு எந்த அவசியமும் இல்லை.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. அதனால் நான் வக்கீலானதும் எனக்குத் தலைக்கனம் வந்தது. கூடவே, என் வேலையைப் பற்றிப் பேச வீட்டில் ஆளே இல்லாமல் போனது. நாமக்கல்லில் ஒரு பெண்கள் விடுதியில் அறை. கோர்ட்டில் மற்ற ஜூனியர்களுக்கு அப்பாவோ மாமாவோ வக்கீல். மதியத்தில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள். நான் சன்னல் பக்கம் திரும்பி, ஏதோ வழக்குக் கட்டைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சாப்பிடுவேன். அந்தக் கட்டுக்குள் பல நாட்கள் பழைய செய்தித்தாள்தான் இருந்தது.

அம்மா தினமும் போன் செய்வாள்.

"சாப்ட்டியா சாமி?"

"சாப்ட்டேன்."

"கோர்ட்டுல என்ன?"

"வாய்தா."

"அப்படீன்னா?"

"தள்ளி வெச்சிருக்காங்க."

"பாவம்."

யாருக்குப் பாவம் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் சீனியர் முழங்கால் ஆபரேஷனுக்குப் போன மாதம், ஒரு வழக்கு முழுதாக என் கைக்கு வந்தது. கட்சிக்காரர் பழனியப்பன், சேந்தமங்கலம் பக்கம் எங்கள் ஊர்க்காரர். சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். (சொந்தம் என்று சொன்னால் பைனான்ஸ்காரர் சிரிப்பார்.) அவருடைய தம்பி, பூர்வீக நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு, மொத்தத்தையும் விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பங்கு கேட்டு வழக்குப் போட்டோம். கட்டிய கோர்ட் கட்டணம் போதாது, மீதியைக் குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

"அதுக்கு ஏற்பாடு ஆயிருச்சுங்க," என்றார் பழனியப்பன். "நல்லம்மாக்கா நம்ம கேஸ வாரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க."

வாரம் என்பது எங்கள் ஊரில் ஆட்டு விவகாரம். ஒருவர் ஆட்டைக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், குட்டியில் ஆளுக்குப் பாதி. நல்லம்மாள் கோழிப்பண்ணைக்காரர். ஊரில் பாதி வீடுகளில் அவருடைய ஆடுகள் வாரத்துக்கு வளர்ந்தன. இப்போது ஒரு வழக்கையும் அதே முறையில் சேர்த்துக்கொண்டிருந்தார். செலவு அவருடையது. ஜெயித்தால், கிடைக்கும் நிலத்தில் கால் பங்கு அவருக்கு. தோற்றால் ஒன்றும் கேட்கமாட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்தவர் வழக்குக்குப் பணம் போட்டுப் பங்கு கேட்பது குற்றம் என்று கல்லூரித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவள் நான். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மார்க்.

ஞாயிற்றுக்கிழமை நேராக நல்லம்மாளின் பட்டிக்கே போனேன். அங்கே அன்று ஆடுகளுக்குத் தடுப்பூசி. ஊசி போடும் நாள் என்பதால் கூட்டமும் இருந்தது. நல்லம்மாள் ஓர் ஆட்டைக் கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தார்.

"பெரியம்மா, நீங்க பண்றது குற்றமுங்க. அடுத்தவங்க கேஸ்ல காசு போட்டுப் பங்கு கேக்கக் கூடாது. ஜெயிலுக்குப் போவீங்க."

அவர் ஆட்டை விடவில்லை. "ஏனம்மிணி, ஆடு செத்துப்போனா வளத்தவங்கிட்டயா போய்க் கேக்கறேன்? அதே மாதரதான் இதும். தோத்தா எனக்குத்தான் நட்டம். அவனுக்கென்ன?"

"ஆடு வேற, வழக்கு வேறங்க."

"உங்கம்மாகிட்டக்கூட ரெண்டு விட்டிருக்கறேனே. அவளையும் புடிச்சுட்டுப் போயிருவாங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் கோபத்தில், இந்தக் குற்றத்துக்கு உள்ள இரண்டு இங்கிலீஷ் பெயர்களையும் உரக்கச் சொன்னேன். ஆடுகள் உட்பட யாருக்கும் புரியவில்லை. ஆனால் நல்லம்மாளின் முகம் மாறியது.

"செரி. படிச்ச புள்ள சொல்லுது, எனக்கெதுக்கு வம்பு? பழனி, நீ வேற ஆளப் பாத்துக்க."

நாட்டில் சட்டத்தை நிலைநாட்டிவிட்ட நடையுடன் நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பின்னாலேயே பழனியப்பன் ஓடி வந்தார்.

"இப்ப யாருங்க கட்டுவாங்க? தேதி வேற நெருங்கிருச்சு. அவன் நெலத்த வித்துப்போட்டான்னா எனக்கு நிக்க எடமில்லீங்க."

அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். "நான் கட்டறேன்ணா," என்றேன், கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டே. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். பஸ்ஸில் வரும்போது என்னை நானே இரண்டு முறை பாராட்டிக்கொண்டேன். பாராட்ட வேறு யாரும் இல்லை.

கெடுவுக்கு முந்தின நாள், சீனியருக்கு ஒரு குறிப்பு எழுதலாம் என்று கோர்ட் நூலகத்தில் இந்தக் குற்றத்தைப் பற்றிய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கல்லூரியில் புத்தகம் வாங்க வசதியில்லாமல் ஜெராக்ஸில் படித்தவள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓரிடத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். என் நகலில் இல்லாத அந்தப் பக்கம் அங்கே இருந்தது.

நான் படித்ததும், தேர்வில் கேட்டதும் இங்கிலாந்தின் பழைய சட்டமாம். இந்தியாவுக்கு அது அப்படியே வரவில்லையாம். வழக்கோடு தொடர்பில்லாதவர் பணம் போடலாம், பங்கும் பேசிக்கொள்ளலாம். அந்தப் பங்கு ஆளை நசுக்கும் பேராசையாக இருந்தால்தான் கோர்ட் ஏற்காது. ஆனால் ஒருவர் மட்டும் கட்சிக்காரரின் வழக்குக்குக் கைக்காசு போடவே கூடாது. அந்த வழக்கை நடத்தும் வக்கீல்.

பழனியப்பனுக்குப் பணம் கட்ட நாமக்கல் மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு உரிமை இருந்தது. தடை இருந்தது எனக்கு. கட்டுகிறேன் என்று சொல்லியிருந்ததும் நான்தான்.

போனை எடுத்துப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். யாரிடமாவது முன்பே கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்பதென்றால், எனக்குத் தெரியாது என்று முதலில் சொல்ல வேண்டுமே. அந்த வாக்கியம் எனக்கு எந்த மொழியிலும் வந்ததில்லை. அன்று மதியச் சாப்பாட்டை மூடி திறக்காமலே திரும்பக் கொண்டுபோனேன்.

மறுநாள் வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி தெற்கத்திக்காரர், மாற்றலாகி வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

"கட்டணம் கட்டியாச்சா?"

"இல்லைங்க ஐயா. கட்டறதா இருந்தவங்க... வாரம்..."

"என்ன?"

"வாரமுங்க ஐயா. வாரத்துக்கு..."

"ஒரு வாரம் போதுமா?"

நான் ஆடு, குட்டி, கால் பங்கு எல்லாவற்றையும் விளக்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற குமாஸ்தா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"போதுங்க ஐயா."

பின்வரிசையில் உள்ளூர் ஜூனியர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரோ மெதுவாக ஆடு மாதிரி கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். கூப்பிடாமலே அம்மாவும் பட்டிக்குக் கூட வந்தாள். நல்லம்மாள் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பாச் சொல்லிட்டேங்க பெரியம்மா. நான் படிச்ச புஸ்தகத்துல ஒரு பக்கம் விட்டுப்போச்சுங்க. நீங்க காசு போடலாமுங்க."

"ஜெயிலு?"

"இல்லைங்க."

"சத்தமாச் சொல்லம்மிணி, ஆட்டுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "இவ காலேஜுக்கு எதுலடி பீஸ் கட்டுன?"

"நம்ம பங்குக் குட்டிய வித்துத்தானுங்கக்கா," என்றாள் அம்மா, ஏதோ எனக்கும் தெரிந்த விஷயம்போல.

எனக்குத் தெரியாது. குட்டிகள் காணாமல் போன மாதங்களையும் என் கல்லூரி ரசீதுகளையும் நான் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப இந்த வக்கீலே என்ற வாரத்துல வளந்ததுதான்," என்றார் நல்லம்மாள். "என்ற பாதியக் கேக்காம உட்டுட்டேன், பாத்துக்க." பிறகு பழனியப்பனைக் கூட்டிவரச் சொன்னார்.

வேறொரு வக்கீல் ஒப்பந்தம் எழுதினார். (நான் பேனாவைத் தொடவில்லை.) வாரம் முடிவதற்குள் கட்டணம் கட்டியாயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. நிலத்தை விற்கத் தடை வாங்கிவிட்டோம். வேலிக்குள் பழனியப்பனின் பங்கு அப்படியே கிடக்கிறது. கோர்ட்டில் என்னை 'வார வக்கீல்' என்கிறார்கள். சன்னலோரம் இன்னும் என்னுடையதுதான்.

அம்மா மட்டும் இப்போது "கோர்ட்டுல என்ன?" என்று கேட்பதில்லை. ஒவ்வொரு முறை ஆடு ஈன்றதும் போன் வரும்.

"ரெண்டு குட்டி சாமி. ஒண்ணு நல்லம்மாக்காளுக்கு, ஒண்ணு நம்முளுக்கு. செல்லுமா? பொஸ்தகத்துல அடுத்த பக்கத்தையும் பாத்துப்போட்டுச் சொல்லு."

"பாத்துட்டேம்மா. செல்லும்."

அவளுக்குப் போனை அணைக்கத் தெரியாது. அப்படியே வைத்துவிட்டு, நான் சொன்னதை அப்பாவிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரிப்பாள். குட்டி கத்துவதும் கேட்கும். விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்தபடி, அந்தச் சத்தம் தானாக அறுந்துபோகும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன்.