கடைமடை வரை போய்ச் சேர்ந்த மின்னஞ்சல்

காவிரிக்குக் கரை கட்டியவர்களை வரலாறு மறக்கவில்லை. அந்தக் காவிரிப் பாசன விவசாயிகளின் மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்த்த குணசேகரனையும் அது மறக்கக் கூடாது.

தஞ்சாவூரில் ஒரு பாசன அலுவலகத்தில் அவர் உதவியாளர். சீர்காழிக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற ஊரிலிருந்து கண்ணாத்தாள் என்ற விவசாயி இணையத்தில் புகார் கொடுத்திருந்தார். இருபது நாளாகத் தண்ணீர் வரவில்லை, சம்பாப் பயிர் காய்கிறது என்று. 'தங்கள் புகார் தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்று அலுவலகம் உடனே மின்னஞ்சல் அனுப்பியது. அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

அலுவலகமே அதிர்ந்துபோனது. தண்ணீர் போய்ச் சேராததற்குக்கூட அது இப்படி அதிர்ந்ததில்லை.

"முகவரியே செல்லாதுன்னா புகார் எப்படிய்யா செல்லும்?" என்றார் பொறியாளர் அரவிந்தன். "நேர்ல போய்ச் சரிபார்த்துட்டு வாங்க."

குணசேகரன் ஜீப்பில் போனார். பாளம் பாளமாக வெடித்திருந்த வயலின் வரப்பில் நின்று, கண்ணாத்தாளின் செல்போனை வாங்கி 'கள ஆய்வு' நடத்தினார். அரை மணி நேரத்தில் குற்றம் பிடிபட்டது.

"பேருக்கும் நம்பருக்கும் நடுவுல ஒரு புள்ளி விட்டுப் போச்சும்மா."

"தண்ணியும் விட்டுப் போச்சுங்களே, இருபது நாளா."

"அது அடுத்த கட்டம். மொதல்ல மெயில் வருதான்னு பாப்போம்."

முகவரியைத் திருத்திவிட்டு, அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். கண்ணாத்தாளின் செல்போன் சிணுங்கியது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க. தஞ்சாவூர்லேருந்து ஒரே நிமிஷத்துல! நடுவுல மதகு எதுவும் இல்ல போலருக்கு."

குணசேகரன் சிரித்துவிட்டார். அப்புறம்தான் காலடியில் பயிரைப் பார்த்தார். நுனி கருகியிருந்தது. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பி வந்து அறிக்கை எழுதினார்: 'கடைமடை வரை தடையின்றிப் போய்ச் சேர்ந்தது. நேரில் உறுதி செய்யப்பட்டது.' பொறியாளர் படித்தார், பூரித்தார், 'புகாரை முடிக்கலாம்' என்று எழுதி ஒப்பமிட்டார்.

குணசேகரன் குறுக்கிட்டார். "சார், போய்ச் சேர்ந்தது மெயிலு சார். தண்ணி இல்ல."

"அதை நீங்க எழுதலையேய்யா! இப்ப மேலிடத்துக்கே போயாச்சு. அந்தம்மாவுக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்க."

'தங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. புகார் முடிக்கப்பட்டது.' தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் குணசேகரன். தன் பணிக்காலத்தில் முதன்முறையாக, ஒரு மின்னஞ்சல் திரும்பி வந்துவிடக் கூடாதா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

வரவில்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

நாலு நாள் கழித்து, அரசுப் பதிவேட்டின்படி தண்ணீர் ததும்பி நிற்கும் வயலில், கண்ணாத்தாளின் பயிர் காய்ந்து செத்தது.