மூன்று கேமராவும் ஒரு முளையும்

மூன்று படங்களிலும் ஒரே வயல்தான். ஆனால் ஒன்றில் பயிர் நீலம் பாய்ந்திருந்தது, இன்னொன்றில் மஞ்சள் தட்டியிருந்தது, மூன்றாவதில் வரப்பையே காணோம்.

"நின்ன இடம் மாறிப்போச்சு," என்றார் சிங்கராயர். "இடம் மாறினா எதையும் ஒப்பிட முடியாது."

"ஏதாவது ஒண்ணை வாங்குங்களேன்," என்றார் அவர் மனைவி பாத்திமா மேரி. "பேரனுக்கு ஞானஸ்நானம் அடுத்த ஞாயித்துக்கிழமை. நீங்க பாக்குற வேகத்துக்கு அவன் வளந்து பள்ளிக்கூடம் போயி புதுநன்மையே வாங்கிடுவான்."

சிங்கராயர் ரயில்வே ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். மூன்று கொட்டேஷன் பார்க்காமல் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. ஓய்வு பெற்று, பாபநாசத்துக்குப் பக்கத்தில் வயலோரமாக வீடு கட்டிக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஊரில் அவரை 'ஏதோ கவர்மென்ட் ஆபீசர்' என்ற அளவுக்குத் தெரியும்.

வேளாங்கண்ணியில் நடக்கப்போகும் ஞானஸ்நானத்துக்கு நல்லதாக ஒரு சின்ன கேமரா வாங்கச் சொன்னது மகள் ஜெனிட்டா. அப்பாவின் மொபைலில் எடுத்தால் எல்லார் முகமும் மாவு பூசின மாதிரி இருக்கிறதாம். சிங்கராயர் பழைய சகாக்களிடம் மூன்று கேமராக்களை இரவல் வாங்கினார். ஒன்று தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். ஒன்று மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும். இன்னொன்று சட்டைப்பையில் அடங்கும். ஆனால் பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் கொக்கு பறந்துவிடும்.

நிற்கும் இடம் மாறாமலிருக்க, அன்று காலை ஒரு சவுக்குக் குச்சியைச் சீவினார். கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு பெயின்ட்டை அதன் தலையில் பூசினார். எதிர் வயலின் வரப்பில் அதை முளையாக அடித்துவிட்டு, அதன் பின்னால் நின்று மூன்று கேமராக்களிலும் ஒவ்வொரு படம் எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

அது வைரக்கண்ணுவின் வயல். சிங்கராயர் வீட்டுக்குப் பால் ஊற்றுவதும் அவர்தான்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒப்பிட்டுப் பாக்குறேன். மூணு இருக்கு. எது சரிப்படும்னு பாத்து ஒண்ணை முடிவு பண்ணணும்."

வைரக்கண்ணு முளையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பைபாஸா சார்?" என்றார்.

சிங்கராயரின் கவனம் முழுக்கக் கொக்கின் மேல் இருந்தது. "ம்," என்றார்.

சாயங்காலம் பாத்திமா மேரி கடையிலிருந்து செய்தியோடு வந்தார். "நீங்க பைபாஸ் ரோட்டுக்கு இடம் பாக்க வந்த ஆபீசராம். ஊர் முழுக்க இதே பேச்சு."

சிங்கராயருக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் அந்த மனுஷன். நிலம் போயிடுமேன்னு என்ன பாடுபடுறாரோ," என்றவர், அப்போதே போய் முளையைப் பிடுங்கி, அடுத்த வயலின் வரப்பில் அடித்துவிட்டு, நேராக வைரக்கண்ணுவிடம் போனார்.

"கவலைப்படாதீங்க. உங்க வயல்லேருந்து எடுத்துட்டேன்."

வைரக்கண்ணுவின் முகம் தொங்கிப்போயிற்று. "இப்ப யாரு வயல்ல?"

"ஐயாவு வயல்ல."

மறுநாள் பால் வரவில்லை.

"பயம் இன்னும் தெளியலை போல," என்றார் சிங்கராயர், கடுங்காப்பியைக் குடித்தபடி.

பத்து மணிக்கு ஐயாவு ஒரு பூவன் தாரோடு வந்தார். "நம்ம தோட்டத்துது. பாத்துச் செய்யுங்க சார்."

சிங்கராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயாவு, உங்க வயலுக்கு ஒரு ரோடும் வராது. இது என் வாக்கு. முளையை இன்னிக்கே எடுத்துடறேன்."

ஐயாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது தாரையும் தூக்கிக்கொண்டு போனார்.

சிங்கராயர் முளையைப் பிடுங்கிக் கொல்லையில் போட்டார். அடுத்த நாள் காலை அது வைரக்கண்ணுவின் வரப்பில் நின்றது. ஐயாவுதான் ஆபத்தைப் பக்கத்து வயலுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று சிங்கராயர் கணக்குப் போட்டார். அதை வைரக்கண்ணுவிடம் சொல்லவும் செய்தார். "அவரு அப்படிச் செய்யமாட்டாரே சார்," என்று வைரக்கண்ணு வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார். எவ்வளவு நல்ல மனசு என்று சிங்கராயர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வயல்வெளியில் ஆறு முளைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் தலை சிவப்பு. தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க சிங்கராயர் ஆறையும் மூன்று கேமராக்களிலும் எடுத்து, கேட்டின் சிவப்போடு ஒத்துப் பார்த்தார். ஒரு கேமராவில் ஆறும் ஆரஞ்சு. இன்னொன்றில் ஆறும் ரோஸ். மூன்றாவது யோசித்து முடிப்பதற்குள் முளையைக் காணோம். தூரத்தை இழுத்துக் காட்டும் கேமராவை எடுத்துப் பார்த்தபோது, வைரக்கண்ணுவும் ஐயாவும் வரப்பின் மேல் நின்று ஒரே முளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. இருபது வருடமாக ஒரே எஞ்சினை மாற்றி மாற்றி வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டவர்கள்.

"ஒரு கேமராவுக்காக ரெண்டு குடும்பத்தைப் பிரிச்சுட்டேன்," என்றார் சிங்கராயர். பாத்திமா மேரி மூன்றில் தன் கைப்பைக்குள் அடங்கியதை எடுத்துப் பார்த்து, "இதே மாதிரி வாங்கிடுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை சிங்கராயர் ஆறு முளைகளையும் பிடுங்கி அடுப்பில் வைத்தார். இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, மூன்று கேமராக்களையும் மேஜைமேல் பரப்பினார்.

"நான் ரயில்வே ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ரோட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. இதுல ஒண்ணை வாங்கறதுக்குத்தான் படம் எடுத்தேன். வேளாங்கண்ணி மாதா சத்தியமா உங்க நிலம் ஒரு சென்ட்கூடப் போகாது. நிம்மதியா இருங்க."

இருவரும் கேமராக்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முதல்முறையாக ஒன்றாகவே எழுந்து, காப்பியைத் தொடாமல், ஒன்றாகவே போனார்கள்.

"பாத்தியா, சமாதானம் ஆயிட்டாங்க," என்றார் சிங்கராயர்.

வாசலில் வைரக்கண்ணுவின் மனைவி தங்கமணி நின்றிருந்தார். பால் கொண்டுவரவில்லை; போன வாரம் விட்டுப்போன பால் கேனைக் கேட்டு வந்திருந்தார். பாத்திமா மேரி அதை எடுத்துவர உள்ளே போனார்.

"இனிமே உங்க வீட்டுக்காரர் பயப்பட வேண்டாம்மா," என்றார் சிங்கராயர். "ரோடு உங்க பக்கமே வராது."

தங்கமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய்க்கால்ல கடைசி வயல் சார் எங்களோடது, தண்ணி எட்டிப் பாத்து வருசம் மூணாச்சு, எஞ்சினுக்கு டீசல் ஊத்தியே கடனாச்சு, ரோட்டுக்காவது போய்த் தொலைஞ்சு நாலு காசு வரட்டும்னு நாங்க தவம் கெடக்கோம், நீங்க என்னடான்னா வீடு வீடா வந்து வராது வராதுன்னு சத்தியம் பண்றீங்களே?"