தலைவரை நிமிர்த்திய நாள்

வணிகர் சங்கத் தலைவர் திரையில் படுத்துக் கிடந்தார்.

மற்ற கடைக்காரர்கள் வரிசையாக நேராக நின்று சிரிக்க, அவர் மட்டும் உச்சந்தலை ஒரு பக்கம், தாடை மறுபக்கம் என்று கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? தலைவர் சாஞ்சு கிடக்கிறாரு!" என்று பதறினார் முதலாளி.

"ஏன்னுதான் எனக்கும் சந்தேகம் சார்."

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே சந்தேகம்தான். தண்ணீர் கேன் காலியானால் மற்றவர்கள் புதுக் கேன் கேட்பார்கள். அவள், நேற்றைவிட இன்று ஏன் சீக்கிரம் காலியானது என்று கேட்பாள். வேலையில் அவளுடைய சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. சங்கத்துக்காக அவள் எழுதிய இணையச் செயலியை மாலையில் தலைவர் வந்து பார்ப்பார். தலையாட்டினால் வேலை நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "இந்த வேலையாவது நிலைக்குமா?" என்று அண்ணி காலையிலேயே கேட்டு வழியனுப்பியிருந்தாள்.

கடைக்காரர்கள் கைப்பேசியிலிருந்து படம் அனுப்புவார்கள். அவளுடைய நிரல் அதில் முகத்தைக் கண்டுபிடித்து, சுற்றிச் சதுரமாக வெட்டி, சின்னதாக்கிச் சேமிக்கும். மீதியை அழித்துவிடும். வீணாக இடம் அடைக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே கடையின் பெயர் இருக்கும். தலைவருக்கு மட்டும் 'தலைவர்' என்று போட்டால் போதும் என்று சொன்னவரும் முதலாளிதான்.

"வேற படம் கேட்டுடலாமா சார்?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். இந்த ஒண்ணுக்கே அவர் வீட்டு வாசல்ல தவம் கிடந்தேன். எப்படியாவது நிமிர்த்து."

நிமிர்த்துவது பெரிய வேலையில்லை. ஏன் சாய்ந்தார் என்பதுதான் அவள் மண்டையைக் குடைந்தது. படம் எடுக்கும்போது தன்னை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்று கைப்பேசி ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பும். அதை மட்டும் நிரல் தனியாக எடுத்து வைத்திருந்தது. திறந்து பார்த்தாள். படம் நேராகத்தான் இருக்கிறது என்று சாதித்தது குறிப்பு.

"குறிப்பு பொய் சொல்லுது அண்ணா," என்றாள் பக்கத்து மேசை டிசைனரிடம்.

"பொய் சொல்லி போனுக்கு என்ன ஆகப்போகுது?"

"அதுதான் எனக்கும் புரியல."

'நேர்' என்று குறிப்பு சொன்னால் நம்பாதே, திருப்பிவிடு என்று ஒரு வரி எழுதினாள். தலைவர் சட்டென்று எழுந்து நின்றார். ஆனந்தத்தோடு பக்கத்தை மேலே தள்ளினாள். உண்மையாகவே நேராக நின்றிருந்த மளிகைக் கடைக்காரர், சலூன்காரர், வளையல் கடை அம்மாள் எல்லோரும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தார்கள்.

"ஒருத்தரை எழுப்பச் சொன்னா ஊரையே படுக்க வச்சிட்டியே!" என்றார் முதலாளி.

எல்லோரையும் பழையபடி திருப்பினாள். தலைவரும் சேர்ந்து சாய்ந்தார். அவரை மட்டும் தனியாக நிமிர்த்தினாள். இப்படித் திருப்பித் திருப்பிச் சேமித்ததில் ஒரு வினை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஜேபெக் படம் கொஞ்சம் நுணுக்கத்தை விழுங்கிவிடும். தலைவரின் மீசை கட்டம் கட்டமாக உதிர்ந்திருந்தது.

பதறிப்போய்ப் படத் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். போன மீசை திரும்பவில்லை; எல்லாப் படங்களுக்கும் எடைதான் ஏறியது. முதலாளியின் கைப்பேசியில் முதலில் ஒரு நெற்றி வந்தது. வெகுநேரம் கழித்துப் புருவம் வந்தது.

"மூக்கு வர்றதுக்குள்ள கடையைச் சாத்திட்டுப் போயிடுவாங்கம்மா!"

தரத்தை நடுவில் இறக்கி வைத்தாள். மீசையை வரைந்து தருவதாக டிசைனர் ஏற்றுக்கொண்டு, தலைவரின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். சந்தேகம் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இவரு எதுக்கு வெள்ளைச் சுவத்துல கன்னத்தை ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

"களைப்பா இருந்திருக்கும்."

"முடியெல்லாம் ஏன் சுவத்துப் பக்கமாவே விழுது?"

"ஃபேன் காத்தும்மா. அவர் வர்ற நேரமாச்சு, விடேன்!"

விட்டுவிட்டாள். அங்கே சேர்ந்ததிலிருந்து அவள் பாதியில் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

டிசைனர் சுவரை அழித்து நீல வானம் வைத்தார். மீசை வரைந்தார். மவுஸாலேயே தலை வாரிவிட்டார். அமுங்கியிருந்த கன்னத்தை இழுத்துச் சரிசெய்தார். தலைவர் இப்போது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார்.

மாலையில் தலைவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். சுவரிலிருந்த பெரிய திரையில் படம் வந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலை ஆடவில்லை. உதடு மெல்லப் பிதுங்கியது.

"இது யாரு?"

"நீங்கதான் தலைவரே! பாவம், சாஞ்சு கிடந்தீங்க. நம்ம பொண்ணு பகல் பூரா போராடி நிமிர்த்தியிருக்கு," என்றார் முதலாளி.

தலைவரின் உதடு இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போவதுதான் போகிறோம், மனதில் கிடந்து உறுத்துவதையாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று எழுந்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. போட்டோ எடுக்கும்போது எதுக்குச் சுவத்துல கன்னத்தை வச்சுக்கிட்டு நின்னீங்க?"

தலைவரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுவரா? அது தலையணைம்மா! நாங்க வச்சிருக்கிறது மெத்தைக் கடை. சுகமாப் படுத்திருந்த மனுஷனை எதுக்கு எழுப்பி நிக்க வச்சே?"