பூட்டி வைத்த களிமண்

பொன்னைப் பூட்டி வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைப் பூட்டி வைப்பவரைப் பார்த்ததுண்டா? எந்த ஊர் மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் இந்த இனத்தில் ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

நான் சொல்லும் ஆளுக்கு ஆபீசில் ‘பூதம்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஊரெல்லாம் துளை போட்டு, எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, அதில் ஈரம் எவ்வளவு, பாரம் ஏற்றினால் எவ்வளவு அமுங்கும் என்று அளந்து அளந்து எழுதி, அத்தனையையும் ஒரு பச்சை பீரோவில் அடுக்கி, சாப்பிடப் போகும்போதுகூடப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். மண் எழுந்து ஓடிவிடுமா என்ன?

மாடியில் ஒரு இன்ஜினீயரம்மா. பள்ளம் தோண்டினால் பக்கத்து வீடு எவ்வளவு இறங்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது அவள் வேலை. கடைத்தெருவில் ஒரு பெரிய வணிக வளாகம் வருகிறது. கார் நிறுத்தத் தரைக்கடியில் மூன்று தளம். கீழே இறங்கி வந்தாள்.

“சார், அந்தப் பக்கம் நீங்க போட்ட துளைகளோட விவரம் வேணும்.”

“எதுக்கு?”

“மாடல் போட.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தாள். பதினோரு நாள் கழித்து ஒரு தாள் வந்தது. நகலின் நகல். கோணலாக. முக்கியமான ஆழத்தின்மேல் காபி டம்ளரின் வட்டம்.

“கம்ப்யூட்டர் ஃபைல் இருக்கா சார்?”

“இருக்கு.”

“அனுப்புவீங்களா?”

“இருக்கான்னுதானே கேட்டீங்க?”

கெட்ட மனுஷன் இல்லை. ஒரு தடவை நம்பிக் கொடுத்தார். வாங்கியவன் அதைத் தன் ஆராய்ச்சி என்று மேடையில் படித்தான், இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அந்தக் காயம் பாதி. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை: எழுதியதில் எங்காவது தப்பு இருந்து, நாலு பேர் பார்த்துச் சிரித்துவிட்டால்?

அவள் வேறு வழியில்லாமல் புத்தகத்தில் இருந்த எண்களைப் போட்டாள். பக்கத்து வீடுகள் எட்டு மில்லிமீட்டர் இறங்கும் என்றது மாடல். வேலை தொடங்கியது.

ஐந்தாவது வாரம் பூதத்தின் அக்கா போன் செய்தாள். “டேய், பின்பக்கச் சுவத்துல விரல் நுழையற மாதிரி விரிசல். கதவு சாத்தமாட்டேங்குது. வந்து பாரு.”

போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். அவர் முன்பு துளை போட்ட அதே இடம். துளை எண் பதினான்கு. ஒன்பது மீட்டரில் பிசைந்த மாவு போலக் கருங்களி. அவரே கையில் எடுத்து உருட்டிப் பார்த்தது.

“மண்ணு உன் தொழிலாச்சே. இப்படி ஆகும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதாடா?” என்றாள் அக்கா.

தம்பி தச்சன் மாதிரிக் கதவின் கீலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நேரே ஆபீஸ். பீரோவைத் திறந்து, பதினான்காம் துளையின் கோப்போடு படியேறி மூச்சு வாங்க அவள் மேசையில் வைத்தார். “களி இருக்கு. போட்டுப் பாருங்க.”

எட்டு என்றது அறுபத்தேழு ஆனது. இன்னும் இரண்டு மீட்டர் தோண்டினால் தடுப்புச் சுவரே உள்ளே சாயும் என்றது. அன்றைக்கே வேலையை நிறுத்தி, பள்ளத்தில் பாதியைத் திரும்ப நிரப்பி, குறுக்கே இரும்பு உத்தரங்கள் கொடுத்தார்கள். அக்கா வீடு தப்பியது.

எண்களை ஏற்றும்போது நடுவில் அவள் சொன்னாள்: “சார், இங்க ரெண்டு ஆழத்த மாத்தி எழுதியிருக்கீங்க.”

அவருக்கு வியர்த்தது. அவள் திருத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

இத்தனை வருடம் பயந்ததற்கு இவ்வளவுதானா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இப்போது பீரோவில் பூட்டு இல்லை. கேட்காதவர்களுக்கும் நாற்பது ஃபைல் அனுப்பி, “திறந்து பாத்தீங்களா?” என்று உயிரை எடுக்கிறார். அது வேறு வியாதி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். “இருக்கு, தேடி அனுப்பறேன்” என்று போன மாதம் ஒருவரிடம் சொன்னீர்களே, அவர் இன்னும் காத்திருக்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏதோ ஒரு எண்ணை உத்தேசமாகப் போட்டு, வேலையை ஆரம்பித்திருப்பார்.