ஹரோல்ட் தொடுத்த நாற்சொட்டுப் பெரும்போர்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் வைண்டிங் இன்ஜின் டிரைவரும், பாதாளம் அளந்த பெருங்கையனும், தன் புகழைத் தானே பாடுவதில் தன்னிகரற்றவனுமாகிய ஹரோல்டை முதற்கண் வணங்குவோம். கண்காணா ஆழத்திலிருந்து ஆட்களோடு ஏறிவரும் இரும்புக் கூண்டாகிய கேஜை ஓர் அங்குலமும் பிசகாமல் லெவலில் நிறுத்தவல்ல அவன் வலக்கரத்தை அடுத்து வணங்குவோம். மறந்தால் அவனே வந்து நினைவூட்டுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம், அவன் மனைவி இசபெல்லா ஈன்ற பத்தொன்பது நாள் பெண்மகவைக் காணவந்த நர்ஸ் ஜூடித், மீன்வாடை வீசும் வைட்டமின் டி சொட்டு மருந்துப் புட்டியொன்றை நீட்டினாள். நோயற்ற பிள்ளைக்கு மருந்தெதற்கென்று ஹரோல்ட் புருவம் நெரித்தான். தாய்ப்பாலில் அந்தச் சத்து போதாது, இந்தச் சாரலில் வெயிலும் காணோம், எலும்பு வளையுமுன்னே காப்பதுதான் நல்லது என்றாள் ஜூடித். நாளொன்றுக்கு நாலே சொட்டு; ஐந்தாவது கூடவே கூடாது.

இசபெல்லா கைநீட்டினாள். அக்கணமே இடியென முழங்கினான் வீரன்.

"ஒரு ஷிப்டுக்கு எத்தினி பேர் உசுரு இந்தக் கையில கீதுன்னு தெரியுமா? நாலு சொட்டு இன்னா பெரிய வேலை? நவுரு."

மறுநாட் காலை மூண்டது போர். வெளுத்த சட்டையே கவசமாக, கண்ணாடிச் சொட்டுக்குழலே வேலாக, மதங்கொண்ட களிறெனத் தொட்டிலை நெருங்கினான் ஹரோல்ட். எதிரே ஆறு ராத்தல் எடையும் பல்லில்லா வாயுமே படைக்கலனாய்க் கிடந்தது பகை. குழல் தாழ்ந்ததும் கோட்டைக் கதவென அடைத்துக்கொண்டது அவ்வாய். முதற்சொட்டு மோவாய் வழியே ஓடிக் கழுத்துமடிப்பில் கரந்தது. சினவேங்கையென மீண்டும் பாய்ந்தவனுக்கு, ஒரே தும்மலில் இரண்டு சொட்டுகளை மீசைமீதே திருப்பியளித்தது மகவு. நான்காம் சொட்டுக்கோ, ஊர் புகழும் அந்த வலக்கரமே பிசகிற்று. சட்டைப்பை அதனை ஏந்திக்கொண்டது.

உள்ளே சென்றது ஒன்றுமில்லையென்று அறிவான். அறிந்ததைச் சொல்லவும் மாட்டான். வாழ்நாளில் முதன்முறையாகக் கை பிழைத்த நாணத்தில், பிள்ளையின் வாயைப் பிளந்து புட்டியையே கவிழ்க்கத் துணிந்தான் அம்மாவீரன். மணிக்கட்டைப் பற்றினாள் இசபெல்லா.

"பிள்ளைக்கு எதுனா ஆயிட்டா இன்னா பண்ணுவீங்க? குடுங்க இப்படி."

குரல் உயரவில்லை. அவன் கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு, குழல் கோணலென்றும், வெளிச்சம் போதாதென்றும், இப்பிடிவாதம் தாய்வழிக் குலத்துக் கறையென்றும், ஆதலால் வெற்றி தன்னதே என்றும் நாற்றிசைக்கும் பறைசாற்றியவாறு, மீசையில் மீன்மணங் கமழ நாற்காலியில் வீற்றிருந்தான்.

பிள்ளை கொட்டாவி விட்டபோது, இசபெல்லா அதன் கன்னத்தின் உட்புறமாக நாலே சொட்டு மருந்தை விட்டுவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.