அரட்டைக்கு ஆற்றிய நன்றியுரை

என் தங்கையின் கணவர் சேகர், இந்நிகழ்ச்சியைத் திருமணப் பந்திதோறும் புதுக்கிளை ஒன்று சேர்த்துச் சொல்லிவருகிறார். ஆகவே, நான் கண்ணால் கண்டதையும், அங்கிருந்தவர்கள் என் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டதையும் மட்டுமே இங்கே தருகிறேன்.

இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நடந்த காலம். கள்ளக்குறிச்சிச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் கல்வராயன் மலைக்குப் பேருந்து ஏறவில்லை. எங்கள் உறைவிடப் பள்ளியின் பிள்ளைகள் தத்தம் மலையூர்களுக்கு நடந்தே போய்விட்டார்கள். மலைக்குக் கீழிருந்து வந்த ஆசிரியர்களான நாங்கள் அகப்பட்டுக்கொண்டோம்.

தமிழாசிரியனாகிய எனக்கு அது பெருமகிழ்ச்சி. கணக்காசிரியை வசந்தாவிடம் என் உள்ளத்தைத் திறக்க நெடுநாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிற்பாடு என் தங்கையை மணந்த இதே சேகரும், அன்றைய ஆங்கில ஆசிரியர், உடன் அகப்பட்டாரே! அவரும் வசந்தாவும் பாறைமேல் அமர்ந்து சிரித்த சிரிப்பு நூலகம்வரை கேட்டது.

“அப்படி என்ன உரையாடினீர்கள்?” என்றேன். (ஆமாம், அந்த வயதிலும் நான் அப்படித்தான் பேசுவேன்.)

“ஒண்ணுமில்ல தமிழய்யா, சும்மா சிட்சாட்” என்றார் சேகர்.

மறுநாள் கேட்டேன், ஸ்மால் டாக் என்றார். அதற்கடுத்த நாள், காசிப். எனக்குத் தெரியாத ஒன்று இத்தனை வகையாக நடந்துகொண்டிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. நூலகத்து அகராதியைப் புரட்டினேன். காசிப் என்பது அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசுவதாம். அங்கே இல்லாதவர் யார்? நான்தான்!

நானும் அரட்டை அடிப்பதென்று முடிவெடுத்தேன். எதையும் முறையாகச் செய்து பழகியவன் நான். ஆசிரியர் அறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்தி, மேசைமேல் கைமணியை வைத்து, எங்களோடு அகப்பட்டிருந்த தலைமையாசிரியரையும் அவ்விருவரையும் அழைத்தேன்.

“யோவ் தமிழு, அரட்டைக்கி இன்னாத்துக்குய்யா மணி?”

“நேரக் கட்டுப்பாடு வேண்டாமா ஐயா?”

வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை மூன்றும் நானே. சாட், சிட்சாட், ஸ்மால் டாக், காசிப் ஆகியவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை விளக்கினேன். சேகர் ஏதோ சொல்ல வாய் திறந்தார், மணியடித்தேன். மீண்டும் திறந்தார், மீண்டும் அடித்தேன். வாழ்வில் அவ்வளவு இன்பம் அடைந்ததில்லை.

குறிப்பிலிருந்து தலை நிமிர்ந்தபோது இரண்டு நாற்காலிகள் காலி. தலைமையாசிரியர் குறட்டையில் இருந்தார். சமையற்கட்டிலிருந்து சிரிப்பு வந்தது.

வேறு எவனாயிருந்தாலும் அத்துடன் நிறுத்தியிருப்பான். நன்றியுரை இன்றிக் கூட்டத்தை முடிப்பது மேடை மரபன்று. வெற்று நாற்காலிகளைப் பார்த்து உரத்த குரலில் தொடங்கினேன்: “வசந்தா அவர்களிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல், அவர்களை ஓயாது சிரிக்கவைத்து, என் சோற்றையும் உறக்கத்தையும் கெடுத்த திருவாளர் சேகர் அவர்களுக்கு, வயிற்றெரிச்சல் கலந்த நன்றி!”

வாசலில் தேநீர்க் குவளைகளுடன் இருவரும் நின்றிருந்தார்கள்.

“சொல்ல வேண்டியது இன்னான்னு சொல்லவே இல்லியே சார்?” என்றார் வசந்தா.

மேடைப் பழக்கம் முந்திக்கொண்டது. “நேரமின்மை காரணமாக இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வசந்தா சிரித்த சிரிப்பில் குவளைத் தேநீர் தரையில் சிந்திற்று. சேகர் மணியைப் பிடுங்கிக்கொண்டார். “டைம் நான் தர்றேன். சொல்லித் தொலைங்க தமிழய்யா!”

“மணியடிச்சிடப் போறான், சீக்கிரம்யா!” என்றார், எப்போது விழித்தாரோ, தலைமையாசிரியர்.

சொன்னேன். வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. சாலை திறந்ததும் வசந்தா தம் வீட்டில் பேசினார்.

இன்றும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், “அம்மா, அப்பா நன்றியுரைக்கு ரெடியாயிட்டாரு!” என்று மகள் கூவுகிறாள். சேகர் வந்தால் அடுக்களையில் அதே சிரிப்பு. எனக்கு அதே எரிச்சல்.

அன்று பாறைமேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று பலமுறை கேட்டுவிட்டேன். “சும்மா பேசிக்கினு இருந்தோங்க” என்கிறாள் வசந்தா. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.